செலோரா: இரண்டாம் தலைமுறை

பிப்ரவரி 2, திங்கள்

மூன்று தலைமுறை செலோராவையும் ஓட்டிப் பார்த்து, எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்று எழுத வேண்டும். 'வண்டிவாசல்' மார்ச் இதழின் அட்டைக் கட்டுரை. "வாங்கப் போறவன் நம்ம இதழைக் கையில பிடிச்சுக்கிட்டே புரோக்கர் முன்னால உக்காரணும், கோகிலவாணி" என்றார் ஆசிரியர் நெல்லையப்பன். போன மாதம் டயர் கட்டுரைக்கும் இதையேதான் சொன்னார்.

முதல் தலைமுறை வண்டியைப் பொள்ளாச்சி வாசகர் ஒருவர் மாதம் முழுக்க வைத்துக்கொள்ளச் சொல்லித் தந்துவிட்டார். ஓய்வுபெற்ற வாத்தியார், சாவியோடு ஒரு பாட்டம் அறிவுரையும் வந்தது. மூன்றாம் தலைமுறை புது வண்டி. ஷோரூமில் ஒரு வாரத்துக்குத் தருவார்கள். இரண்டாம் தலைமுறைக்கு நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. அண்ணனே இன்று அதை வாங்கிவிட்டார்.

அதாவது, நான் பார்த்துச் சரி சொன்னேன், அவர் வாங்கினார். ஆறு வருடம் ஓடிய சாம்பல் நிற வண்டி. அடியில் துரு இல்லை. கதவு, பானெட் எதையும் மாற்றவில்லை. கிளட்ச் மெத்தென்று இருக்கிறது. பிரேக் மிதித்த இடத்தில் நின்றது. நான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரும்வரை அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னம்மிணி, எடுக்கலாமா?"

"கண்ண மூடிட்டு எடுங்கண்ணா."

அவர் பன்னிரண்டு வருடம் முதல் தலைமுறை செலோராவைத்தான் ஓட்டினார். அதே பெயர், அதே மூக்கு, எல்லாப் பட்டனும் அதே இடத்தில். அதனால்தான் வேறு வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவசரத்துக்குக் காரணம் பிரதீபா. அண்ணனின் ஒரே மகள், கோத்தகிரியில் வாழ்க்கைப்பட்டவள், ஒன்பதாம் மாதம். கட்டுச்சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு போய், வளையல் அடுக்கி, பிரசவத்துக்குக் காரமடை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். பழைய வண்டியில் ஏசி போய்விட்டது, சீட்டும் பள்ளம்.

"என்ற புள்ள மலைல இருந்து நோவாம எறங்கோணும், அவ்வளவுதான்" என்றார்.

பிப்ரவரி 4, புதன்

அண்ணி சரோஜினி கூப்பிட்டார். கட்டுச்சோறு இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

"உனக்கு அந்த வாரம் பொஸ்தக வேலை நெம்ப இருக்குமல்ல? மலை மேல வந்து சிரமப்படாத கோகிலா. பலகாரம் குடுத்தனுப்பறேன்."

அண்ணிக்கு என் வேலையின் மேல் இவ்வளவு கரிசனம் இருப்பது இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று. எனக்கும் அந்த வாரம் வேலைதான். கட்டுரை இருபத்தைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது.

பிரதீபாவின் காதுகுத்துக்கு முதல் தட்டு எடுத்தவள் நான். பூப்புச் சீருக்கும் அத்தை நான்தான் முன்னால் நின்றேன். அப்போது என் வீட்டுக்காரர் இருந்தார். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. வேலை இருக்கிறது.

பிப்ரவரி 7, சனி

அண்ணனின் வண்டியை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறி இறங்கினேன். காலையில் முதல் தலைமுறை, மதியம் இரண்டாம் தலைமுறை.

முதல் தலைமுறை: ஏற்றத்தில் மாடு மாதிரி இழுக்கிறது. ஸ்டியரிங் கனம். பின்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம், நடுவில் உட்காருபவர் உறவினராக இருந்தால். பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன.

இரண்டாம் தலைமுறை: சத்தம் குறைவு, சீட் நல்ல அகலம், டிக்கி பெரிது, மைலேஜ் கூடுதல். மைலேஜ் கூடுவதற்கு ஒரு காரணம், எஞ்சின் தானாக அணையும் வசதி. நியூட்ரலில் போட்டு வேகம் குறைந்துவிட்டால் எஞ்சின் அணைகிறது; கிளட்சை மிதித்தால் மறுபடி உயிர்க்கிறது. சிக்னலில் நிற்கிறவர்களுக்காக வைத்தது.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதைப் பாலபாடம். இரண்டு வண்டியையும் இரண்டாம் கியரில் இறக்கினேன். பிரேக்குக்கு அதிகம் வேலையே இல்லை. இரண்டுக்கும் நல்ல மதிப்பெண்.

பிரதீபா வீட்டுச் சந்து முனைவரை போனேன். உள்ளே போகவில்லை. சோதனைக்கு எடுத்த வண்டியில் விருந்தாடப் போவது முறையில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

வண்டியைத் திரும்ப எடுக்க அண்ணன் வந்தார். என்னையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் ஒரு சுற்று. மேம்பாலத்தின் உச்சிக்கு வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தட்டிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அவருடைய முப்பது வருடப் பழக்கம். இறக்கத்தில் எஞ்சினுக்கு எதற்குச் சோறு போட வேண்டும் என்பது அவர் கட்சி. பாலத்தின் அடியில் ஒரு மினி பஸ் குறுக்கே வர, பிரேக்கை மிதித்தார். வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்தது.

"பாத்தியா. தானா அமந்துக்குது. என்ற மனசு இதுக்குத் தெரிஞ்சிருக்குது."

"நியூட்ரல்ல எறக்காதீங்கண்ணா. எத்தன தடவ சொல்றது?"

"நீ உன்ற பொஸ்தகத்துல எழுது, படிக்கறவங்க கேக்கட்டும்."

இவரைத் திருத்த பிரம்மாவே இறங்கி வர வேண்டும். அவர் வந்தாலும் நியூட்ரலில்தான் இறக்கிவிடுவார்.

பிப்ரவரி 11, புதன்

சேலத்திலிருந்து குழந்தைவேல் என்றொரு வாசகர் பேசினார். செலோராவைப் பற்றிக் கட்டுரை வருகிறது என்ற அறிவிப்பைப் பார்த்தாராம். அவருடையது இரண்டாம் தலைமுறை, அண்ணன் வாங்கிய அதே வருடத்து வண்டி. இரண்டு வாரம் முன்பு ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பெடல் கல்லாகிவிட்டது என்கிறார்.

"கல்லுன்னா கல்லு மேடம். ரெண்டு காலையும் வச்சு ஏறி நின்னேன். இம்மி எறங்கலை. கைப்பிடிச் சுவத்துல மோதித்தான் நின்னுது. அந்தச் சுவரு இல்லைன்னா நான் உங்ககிட்டப் பேசிட்டு இருக்க மாட்டேன்."

மனைவிக்குத் தோள் எலும்பு முறிந்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் பிரேக்கில் குறையே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

நாளை சேலம்.

பிப்ரவரி 12, வியாழன்

வண்டியின் முன்பக்கம் நசுங்கியிருக்கிறது. பிரேக் பாகங்கள் எல்லாம் நலம். ஆயில் அளவு சரி, குழாயில் கசிவில்லை, பட்டைகள் பாதிகூடத் தேயவில்லை. எஞ்சினை ஓடவிட்டு மிதித்தால் வெண்ணெய். குழந்தைவேல் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சர்வீஸ் சென்டர்காரர்கள் சொன்னதையே சொல்லிவிடுவேனோ என்ற பயம் அவருக்கு. எனக்கும் அந்தப் பயம்தான்.

அவர் மனைவி கட்டுப் போட்ட தோளோடு காபி கொண்டுவந்தார். குடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 14, சனி

மெக்கானிக் இப்ராகிம் பாய் பட்டறையில் இரண்டாம் தலைமுறை வண்டிகள் இரண்டு நிற்கின்றன, விற்பனைக்கு. இரண்டையும் மாற்றி மாற்றி மருதமலை அடிவாரத்திலிருந்து ஓட்டினேன். சுமை ஏற்றி, இறக்கி, பிரேக் காய்ந்து நாற்றமடிக்கும்வரை மிதித்தேன். ஒரு தடவைகூடப் பெடல் கல்லாகவில்லை. பாய் சிரித்தார். "சேலத்துக்காரர் தூங்கியிருப்பாரும்மா" என்றார்.

இருக்கலாம். அண்ணனுடையதும் அதே வருடத்து வண்டி என்பது மட்டும் பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

டவுன்ஹால் பக்கம் போனபோது கண்ணாடி வளையல் கண்ணில் பட்டது. பச்சை, ஒரு டஜன், சின்னக் கை அளவு. யாருக்காவது கொடுக்கலாம். வாத்தியார் வண்டியின் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஆசிரியர் பாதிக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"இரண்டாம் தலைமுறைக்கு முடிவு எழுதலையே?"

"சேலம் விஷயம் தெளிவாகலை சார்."

"ஒருத்தர் சுவத்துல மோதினதை வச்சு ஒரு மாடலையே வேண்டாம்னு எழுத முடியாதும்மா. உங்க கையில நடந்ததா? நடந்தா எழுதுங்க, நான் போடறேன். நடக்கலைன்னா நல்ல வண்டின்னு முடிங்க."

நியாயமான பேச்சு. கோபம்தான் வருகிறது. மூன்றாம் தலைமுறை வண்டியை இன்று ஓட்டினேன். அதிலும் எஞ்சின் தானாக அணைகிறது, ஆனால் சக்கரம் முழுதாக நின்ற பிறகுதான். ஊர்ந்துகொண்டிருக்கும்போது அணைவதில்லை. ஏன் மாற்றினார்கள் என்று ஷோரூமில் கேட்டேன். "புது மாடல் மேடம், எல்லாமே பெட்டர்" என்றார் அங்கிருந்த பெண்.

பிப்ரவரி 18, புதன்

ஏன் மாற்றினார்கள்?

இந்தக் கேள்வி காலையில் தோசைக்கல்லின் முன்னால் வந்தது. தோசை கருகியது. அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தைவேலைக் கூப்பிட்டேன்.

"ஏற்காட்டுல இறங்கும்போது எந்தக் கியர்ல வந்தீங்க?"



"நியூட்ரல்தான் மேடம். எல்லாரும் அப்படித்தானுங்களே இறக்கறாங்க. இதுக்கு முந்தி பழைய செலோரால பத்து வருசம் அப்படித்தான் வந்தேன்."

எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்குத் துணைபலம் கிடைக்கும். நின்றுவிட்டால் மிச்சமிருக்கும் பலத்தில் இரண்டு மூன்று தடவை மிதிக்கலாம், பிறகு பெடல் கல். முதல் தலைமுறையில் நியூட்ரலில் இறங்கினாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். தப்பான பழக்கம், ஆனால் ஆளைக் கொல்லாது. இரண்டாம் தலைமுறையில் வளைவுக்காக வேகத்தைக் குறைத்த நொடியில் எஞ்சின் அணைகிறது. வளைவு தாண்டி வண்டி மறுபடி வேகமெடுக்கும். பிரேக்கில் பலம் குறைவதைப் பார்த்து எஞ்சினைத் தானே எழுப்புவதற்கு ஒரு சின்ன சென்சார் உண்டு. அது பழுதானால்?

நான் பாடப்புத்தகம் மாதிரி இரண்டாம் கியரில் இறங்கிவிட்டு நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறேன். இந்த ஊரில் யார் அப்படி இறங்குகிறார்கள்? என் சொந்த அண்ணன் என் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்து காட்டினார். திட்டினேனே தவிர, என்ன பார்த்தேன் என்று பார்க்கவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

கோவைப்புதூர் தாண்டி, இன்னும் வீடு கட்டாத ஒரு மனைப்பிரிவு. சரிவான ரோடு, அடியில் மணல் மேடு. இப்ராகிம் பாயின் இரண்டு வண்டிகளையும் நியூட்ரலில் இறக்கினேன்.

முதல் வண்டி: எஞ்சின் அணைந்தது, இரண்டாம் மிதிக்குத் தானே உயிர்த்தது. மூன்று முறையும் அப்படியே.

இரண்டாவது வண்டி: அணைந்தது. மிதித்தேன். மிதித்தேன். அடுத்த மிதிக்குப் பெடல் இறங்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தும் மணல் மேட்டில் முட்டித்தான் நின்றேன். நின்ற பிறகும் சீட்டைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். பயம்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

பாய் சிரிக்கவில்லை. சென்சாரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கரி. "வயசான வண்டில இப்படித்தான் அடைக்கும்மா. எதுல அடைச்சிருக்கு, எதுல இல்லைன்னு ஓட்டாம தெரியாது. பாதி அடைச்சிருந்தா ஒரு நேரம் எஞ்சினை எழுப்பும், ஒரு நேரம் எழுப்பாது."

அண்ணன் வண்டிக்கு ஆறு வயது.

பிப்ரவரி 20, வெள்ளி

அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். வண்டியைப் பாய் பட்டறைக்கு அனுப்புங்கள், அல்லது நியூட்ரல் போடாதீர்கள், அல்லது வாடகைக் கார் வையுங்கள்.

"சோத்துக்கு அரிசி நனையப் போட்டாச்சு, வண்டிக்குப் பூசை போட்டாச்சு. இப்ப வந்து பட்டறைக்கு அனுப்புங்கற. நீதானம்மிணி கண்ண மூடிட்டு எடுங்கன்னே?"

"சொன்னேனுங்கண்ணா. தப்பாப் பாத்துட்டேன். கியர்லயே எறக்குங்க, அது போதும்."

"கியர்ல எறக்குனா வண்டி உறுமும், முன்னயும் பின்னயும் தூக்கிப் போடும். மாசமா இருக்கற புள்ளய அப்படியா கூட்டிட்டு வருவாங்க? நியூட்ரல்ல உட்டு, வளைவுக்கு வளைவு பையப் புடிச்சுப் புடிச்சு வந்தா பூவாட்ட எறங்கும். நீ எனக்குச் சொல்லித் தராத."

வழக்கத்தைவிட மெதுவாக வரப் போகிறார். வளைவுக்கு வளைவு பிடிக்கப் போகிறார். மகளின் மேல் இருக்கும் பாசம் முழுவதையும் அந்தப் பெடலில் வைத்து மிதிக்கப் போகிறார்.

அண்ணி போனை வாங்கிக்கொண்டார்.

"கோகிலா, உன்னக் கூப்புடலீன்னு வருத்தம் இருக்கும். எனக்குத் தெரியாம இல்ல. வளையல் அடுக்கற எடத்துக்குத் தாலி அறுத்தவங்களக் கூப்புடறதில்லைங்கறது ஊரு மொற, நானா வெச்சேன்? அதுக்காக நல்ல காரியத்துக்கு முன்னால பிரேக்குப் புடிக்காது, மோதிரும்னு வாயில வெக்காத."

வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கும் அடித்தேன். "மாமாகிட்டச் சொல்றனுங்க" என்றார். சொல்லமாட்டார், மாமனாருக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருகிற மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொறாமை இல்லை. அவர்கள் காதில் எல்லாம் பொறாமையாகவே விழுந்திருக்கிறது.

பிப்ரவரி 21, சனி

துணி துவைத்தேன். மூன்றாம் தலைமுறை வண்டியை ஷோரூமில் ஒப்படைத்தேன். அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாமான் வாங்க எல்லாரும் மேட்டுப்பாளையம் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வண்டியும் இல்லை. நாளைக்கு ஏறும்போது ஆபத்தில்லை. இறங்கும்போதுதான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வாத்தியாரின் வண்டியில் கோத்தகிரி போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. சந்து முனையில் நிறுத்திவிட்டு நடந்தேன். வாசலில் செருப்புகள், உள்ளே சிரிப்பு. ஜன்னல் வழியாகப் பிரதீபா தெரிந்தாள். மனையில் உட்கார்ந்து, இரண்டு கையும் முழங்கைவரை வளையலோடு, கன்னம் முழுக்கச் சந்தனம். யாரோ ஒரு பெரியம்மா அவள் கையை உருவி உருவிக் கடைசி வளையலை ஏற்றிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். எனக்கு அங்கே உட்கார வேண்டும் போலிருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது.

உள்ளே போய் அண்ணனைத் தனியாக அழைக்கலாம் என்று படியில் கால் வைத்தேன். எடுத்துவிட்டேன். போனில் கேட்காதவர் சம்பந்தி வீட்டுக் கூட்டத்தின் நடுவில் கேட்பாரா? பிரேக் என்றால் வருத்தம் என்பார்கள். சென்சார் என்றால் அபசகுனம் என்பார்கள்.

சரி. அபசகுனத்துக்கு என்ன செய்வார்கள்?

காருக்குத் திரும்பி வந்து கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் எப்போதும் வைக்கும் சின்ன ஒட்டுப் பொட்டு. அதை எடுத்துக் கண்ணாடியின் மூலையில் ஒட்டினேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்து முனையில், ரோட்டின் நடுவில் போய் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். நாலு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. சாம்பல் நிற வண்டி சந்தில் இறங்கி வந்தது. எஞ்சின் சத்தமே இல்லை, சந்திலேயே நியூட்ரலை ஆரம்பித்துவிட்டார். முன்சீட்டில் பிரதீபா, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு. பின்னால் அண்ணி.

நான் நகரவில்லை. வண்டி என் முன்னால் மூன்றடியில் நின்றது.

முதலில் கேட்டது அண்ணியின் குரல். "அய்யோ, எதுக்க வந்து நிக்கறாளே." பின்னால் வழியனுப்ப வந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். சம்பந்தியம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பெரியவர் ஒருவர் மெல்லச் சொன்னார், "திருப்புங்கப்பா. உள்ள போயி உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பலாம்." இன்னொருவர், "அதுக்குள்ள ராகு காலம் வந்துரும். அப்பறம் இருட்டிரும். நாளைக்குக் காலைல போறதுதான் புள்ளைக்கு நல்லது" என்றார். தலைகள் ஆடின. முந்தாநாள் போனில் நான் தொண்டை வற்றச் சொல்லியும் நடக்காதது, வாயே திறக்காமல் நின்றதில் நடந்தது. அப்போது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

பிரதீபாவை இறக்கி உள்ளே கூட்டிப் போனார்கள். அவள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள். அண்ணன் வண்டியைவிட்டு இறங்கி என் அருகில் வந்தார். இத்தனை கோபத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"வேணும்னே வந்து நின்னியா?"

"ஆமாங்கண்ணா."

"பொட்டக்கூட எடுத்துட்டு."

"ஆமாங்க. இப்ப வண்டில ஏறுங்க. நாம ரெண்டு பேரு மட்டும். நாளைக்கு எப்படிக் கூட்டிட்டுப் போவீங்களோ அப்படியே ஓட்டுங்க. ஒன்னும் ஆகலீன்னா இனி உங்க ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

ஏறினார். மெயின் ரோட்டில் இறக்கம் தொடங்கியதும் கியரை நியூட்ரலுக்குத் தட்டினார், என்னைப் பார்க்காமலே. என் கை கைப்பிரேக்கின் மேல் இருந்தது. எங்கள் பக்கம் மலைச்சரிவு, தேயிலைக்கு அடியில் மண்மேடு. எதிர்ப்பக்கம்தான் பள்ளம்.

முதல் வளைவு. பையப் பிடித்தார், எஞ்சின் அணைந்தது. மறுபடி மிதித்தார். எஞ்சின் தானே உயிர்த்தது.

"பாத்தியா" என்றார். குரலில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது. "இதுக்கா இத்தன கூத்து?"

என் கணக்கு தப்பாக இருந்தால், ஊர் முன்னால் என் அண்ணன் மகளின் நல்ல நாளைக் கெடுத்தவள் என்ற பேர் சாகும்வரை எனக்கு இருக்கும். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூடத் தோன்றியது.

இரண்டாவது வளைவு. எஞ்சின் அணைந்தது. மிதித்தார், பிடித்தது. ரோடு நேராகச் சரிந்தது, வண்டி வேகமெடுத்தது. எஞ்சின் எழவில்லை. மிதித்தார், பாதிதான் பிடித்தது. கீழே அடுத்த வளைவில் ஒரு காய்கறி லாரி மேலேறி வந்துகொண்டிருந்தது. மிதித்தார்.

"எறங்கல" என்றார். சின்னப் பையன் குரல். "அம்மிணி, எறங்கல."

"மண்ணுப் பக்கம் திருப்புங்க" என்று கத்திக்கொண்டே கைப்பிரேக்கை இழுத்தேன். வண்டி மண்மேட்டில் உரசி, பக்கக் கண்ணாடி உடைந்து, சாய்ந்து நின்றது. லாரி ஹாரன் அடித்தபடி கடந்து போயிற்று.

இருவரும் இறங்கினோம். அண்ணன் மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். கால் இன்னும் பெடலை மிதிப்பது போல் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குச் சொல்வது போல் இல்லாமல் சொன்னார்:

"முன் சீட்டுலதான் அவள உக்கார வெச்சிருந்தேன்."

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 23, திங்கள்

காலையில் பிரதீபாவை வாத்தியாரின் முதல் தலைமுறை வண்டியில் நான்தான் இறக்கினேன். திண்ணையில் நான் வைத்திருந்த சாவியை அண்ணன் எல்லோர் முன்னாலும் எடுத்து என் கையில் கொடுத்தார். சம்பந்தி வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று என்ன நடந்தது என்று அவர் எவ்வளவு சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அவருடைய வண்டியைப் பாயின் ஆள் வந்து எடுத்துப் போகிறான்.

இரண்டாம் கியர். வண்டி வழி முழுக்க உறுமியது. ஒவ்வொரு உறுமலுக்கும் பின்சீட்டில் அண்ணனின் மூச்சு இழுபட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. பிரதீபா பாதி வழியில் தூங்கிப்போனாள். தூக்கிப் போடுமாம்.

மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டிஷ்யூ தேடி டேஷ்போர்டு பெட்டியைத் திறந்த பிரதீபா, காகிதச் சுருளை எடுத்துப் பிரித்தாள்.

"யாருக்குங்கத்தை இது?"

"கடைல பாத்தேன். சும்மா வாங்குனேன்."

"என்ற கை அளவு." கையை நீட்டினாள். ஏற்கெனவே முழங்கைவரை வளையல். "போட்டுடுங்க."

பின்சீட்டை நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக ஏற்றினேன். கடைசி வளையல் ஏறியபோது அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார், "பச்ச அவளுக்கு எடுப்பா இருக்குது."

கண்ணாடி மூலையில் ஒட்டியிருந்த பொட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கட்டுரை முடிந்தது. இரண்டாம் தலைமுறைக்கு எழுதிய முடிவு: "சீட், டிக்கி, மைலேஜ் எல்லாம் நன்று. மலைப்பாதை போகிறவர்கள் பிரேக் சென்சாரை மாற்றாமல் வாங்க வேண்டாம். நியூட்ரலில் இறக்குகிறவர்கள் எந்த நிலையிலும் வாங்க வேண்டாம். நாங்கள் இறக்க மாட்டோம் என்று சொல்பவர்கள், வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள் என்று யோசித்துவிட்டு வாங்கவும்."

ஆசிரியர் படித்துவிட்டு, "உங்க கையில நடந்ததா?" என்று கேட்டார். நடந்தது என்றேன். ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

மார்ச் 9, திங்கள்

இதழ் வந்ததிலிருந்து போன் ஓயவில்லை. பெடல் கல்லானவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். குழந்தைவேல் மனைவியிடம் போனைக் கொடுத்தார். "இவரு தூங்கலைன்னு இப்பத்தாங்க எங்க அண்ணனுங்க நம்பறாங்க" என்றார் அந்தம்மா.

அண்ணன் வண்டிக்குப் புது சென்சார் போட்டாயிற்று. கண்ணாடியும்.

மார்ச் 27, வெள்ளி

பிரதீபாவுக்குச் செவ்வாய்க்கிழமை பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு அன்றே போய்ப் பார்த்தேன். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு, பாவம்.

இன்று மாலை அண்ணன் கூப்பிட்டார். நாளைக் காலை தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். இதைச் சொல்லிவிட்டு ஏசி, பால் பவுடர், மாப்பிள்ளையின் லீவு என்று என்னென்னவோ பேசினார். போனை வைப்பார் என்று பார்த்தால் வைக்கவில்லை.

"கெளம்பறப்ப எதுக்க யாராச்சும் நல்லவங்க வந்து நிக்கோணுமல்ல, அம்மிணி."

"ஆமாங்கண்ணா. அண்ணியோட தங்கச்சியக் கூப்புடுங்க."

"உன்ற அண்ணியும் அதையேதான் மொதல்ல சொன்னா. அப்பறம் அவளே சொல்றா, அன்னைக்கு எதுக்க வந்து நின்னவளே வந்து நிக்கட்டும்னு."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ, அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்:

"நீ பயப்படாம வா. நான் ஆஸ்பத்திரில இருந்து ஊடு வரைக்கும் ரெண்டாங் கியர்லயேதான் வருவேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் ஒரே சமதளம். இரண்டாம் கியரில் வந்தால் எஞ்சின் கதறும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான். சரிங்கண்ணா என்றேன்.